தைல டிரம்மும் பச்சை ஒயரும்

ஜூலை 9, செவ்வாய்

காலையில் இரண்டு மிக்ஸி, ஒரு தண்ணீர் மோட்டார். மோட்டாருக்குள்ளே காயில் கம்பி கருகிய வாடை சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை.

மத்தியானம் மாப்பிள்ளை பொன்னுரங்கம் கடைக்கு வந்தார். என் தங்கை இந்திராணியின் வீட்டுக்காரர். டீ சொன்னேன். குடித்துவிட்டு, "மச்சான், தைல டிரம்முக்குக் கரண்ட் குடுக்கணும்" என்றார்.

அவர் கற்பூரத் தழையை, அதாவது யூகலிப்டஸ் இலையை, டிரம்மில் அடைத்து வேகவைத்துத் தைலம் இறக்கி மேட்டுப்பாளையத்து வியாபாரிக்குக் கொடுக்கிறவர். டிரம் அவரே வெல்டிங் வைத்தது. இரண்டு ஆள் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அடியில் தண்ணீர், நடுவில் சல்லடைத் தட்டு, மேலே தழை. ஆவி ஒரு குழாய் வழியாகப் போய்த் தொட்டித் தண்ணீரில் குளிர்ந்து தைலமாகச் சொட்டும். இத்தனை நாளும் விறகுதான். இப்போது காட்டுக்குள் விறகு எடுக்க விடமாட்டேன் என்கிறார்களாம். போன மாதம் ஒரு கட்டு விறகோடு பிடித்துவிட்டார்கள். அதனால் டிரம்முக்குள் ஹீட்டர் எலிமெண்ட் வைக்கவேண்டும்.

"பண்ணலாம். ஆனா எர்த் கிர்த் எல்லாம் மொறையா போடணும்" என்றேன்.

"ஒங்க வேலையில நான் வாய் வப்பனா?" என்று சிரித்தார். சிரித்தால் நல்ல முகம்.

இருபத்தைந்து வருஷமாக ஒயரிங் செய்கிறேன். எர்த் போடாமல் ஒரு வீட்டுப் படியைவிட்டும் இறங்கியதில்லை. பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். தங்கராசு முசுடு என்பார்கள், தங்கராசு வேலை மோசம் என்று ஒருவன் சொல்லமாட்டான்.

ஜூலை 14, ஞாயிறு

டிரம்மை அளக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். டீத்தோட்டத்துக்குக் கீழே சரிவில் தனியாக இருக்கிற வீடு. மழை விட்டு விட்டுப் பெய்தது. தரை சொதசொதவென்று கிடந்தது.

இந்திராணி தலையில் துணியைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். நான் வலது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. இடது பக்கம் வந்தால்தான் கேட்கிறது.

"காதுக்கு என்ன?"

"கதவுல இடிச்சுக்கிட்டேண்ணா."

போன தீபாவளிக்கும் கதவுதான் சொன்னாள். அந்த வீட்டுக்கு மொத்தமே இரண்டு கதவு.

மாப்பிள்ளை ஆட்டுக்கறி எடுத்திருந்தார். "போடு, ஒங்கண்ணனுக்கு இன்னும் போடு" என்று பக்கத்தில் உட்கார்ந்து உபசரித்தார். நானும் சாப்பிட்டேன். கறி நன்றாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

திரும்பும்போது, அங்கே தழை அடைக்கிற பாக்கியம் அக்கா பாதையில் நின்றிருந்தது. "தங்கராசு, தங்கச்சிய ஒரு நாலு நாளு கூட்டிட்டுப் போயி வச்சுக்கயேன்" என்றது. ஏன் என்று கேட்டேன். "சும்மாத்தான்" என்று போய்விட்டது.

ஜூலை 15

டிரம்மின் அடிவயிற்றில் மூன்று ஓட்டை போடவேண்டும். ஒழுகாமல் அடைக்க ரப்பர் கேஸ்கெட் வாங்கவேண்டும்.

ஜூலை 20, சனி

கொட்டுகிற மழையில் இந்திராணி கடைக்கு வந்தாள். குடை இல்லை, செருப்பு இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்காரவைத்தேன். துண்டைக் கொடுத்தால் தலை துவட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சொன்னாள். "தழைய சரியா அடைக்கலன்னு சொன்னாரு. முடியப் புடிச்சு டிரம்முக்குள்ள தலைய அமுக்குனாரு. அடுத்த தடவ ஒன்னையே உள்ள போட்டு மூடிருவேன், தைலம் வருதா பாப்போம்னாரு. வெளயாட்டுக்குச் சொல்லலண்ணா. செய்வாரு."

பாதி இறக்கியிருந்த ஷட்டரை முழுசாக இறக்கிப் பூட்டினேன்.

"இங்கயே இரு. யார் வந்தாலும் அனுப்பமாட்டேன்" என்றேன்.

ஜூலை 22, திங்கள்

அனுப்பிவிட்டேன்.

அவன் ஆப்பிளும் பெரிய மனிதர்கள் இரண்டு பேருமாக வந்தான். என் காலைப் பிடித்து அழுதான். நிஜக் கண்ணீர். "அடிக்கிற கைதாம்ப்பா அணைக்கும்" என்றார் வந்தவரில் ஒருவர். அணைக்கிற கையை, அவளுக்குக் கல்யாணமானதிலிருந்து நானும் ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் இந்திராணியே எழுந்துவிட்டாள். நான் அனுப்பமாட்டேன் என்பதை அவள் நம்பவில்லை போலிருக்கிறது.

படி இறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "அந்தக் கரண்ட் வேலைய சீக்கிரம் முடிச்சுக் குடுண்ணா. வெறகு இல்லாத கோவத்ததான் எங்கிட்டக் காட்டுறாரு."

முடித்துக் கொடுக்கிறேன்.

ஜூலை 27, சனி

எலிமெண்ட் மூன்று. இரண்டு புதுசு. மூன்றாவது, மூடிப்போன லாட்ஜின் பழைய கெய்சரில் இருந்து கழற்றி நான் பரணில் போட்டுவைத்திருந்தது. கசிவு பார்க்கிற மெக்கர் மீட்டரை வைத்துச் சோதித்தேன். புதுசு இரண்டும் சுத்தம். பழசு கசிகிறது. உறைக்குள்ளே ஈரம் இறங்கிவிட்டது. கரண்ட் உள்ளே ஓடுகிற கம்பியோடு நிற்காமல் மேல்தகட்டுக்கும் வரும். அடுப்போரம் வைத்துக் காயவைத்துப் பார்த்தேன். மறுபடியும் சோதித்தேன். கசிகிறது.

கடைத்தெருவில் புதுசு கிடைக்கும். நான்கு கடை தள்ளித்தான்.

மழையாக இருந்தது. போகவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மூன்றையும் மாட்டினேன். ஓட்டை போட்டு, கேஸ்கெட் வைத்து, நட்டு முறுக்கி, தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. வேலை என்றால் எனக்கு வேலைதான்.

டிரிப்பர் ஒன்று போட்டால் நல்லது என்று சொல்லியிருக்கவேண்டும். கசிந்தால் தானே அணைந்துவிடும். அவனும் கேட்கவில்லை.

அவன் மழைக்காலம் முழுக்க முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அட்டைக்குப் பயம். படுக்கும்போது கழற்றுவான். இன்னொன்று, வெள்ளிக்கிழமைத் தைலக் காய்ச்சலுக்குக் கழற்றுவான். தைலம் காய்ச்சுகிறவர்களிடம் இருக்கிற வழக்கம் இது. வெள்ளிக்கிழமை அடுப்பு மூட்டியதும், டிரம் சூடேறுவதற்குள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்பூரம் காட்டி இரண்டு உள்ளங்கையையும் டிரம்மின் வயிற்றில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். உடைமைக்காரன்தான் முதலில். அடுப்பு மூட்டாமல் தொட்டால் அது கும்பிட்டதில் சேராது.

இனிமேல் அடுப்புக்குப் பதில் சுவிட்ச்.

இந்திராணிக்கு ரப்பர் செருப்பு வாங்கிப்போயிருந்தேன். "எந்நேரமும் கால்ல இருக்கணும். டிரம்ம நீ தொடாத. பாக்கியம் அக்காவையும் தொடவிடாத" என்றேன்.

"ஏண்ணா?"

"கரண்ட் சமாச்சாரம். சொன்னாக் கேளு."

ஆகஸ்ட் 9, வெள்ளி

எர்த் குழி தோண்டினேன். கரி, உப்பு போட்டு இரும்புக் குழாயை இறக்கினேன். இந்திராணி தண்ணீர் ஊற்றினாள். குழாயிலிருந்து பச்சை ஒயரை டிரம்மின் கால் வரைக்கும் இழுத்தேன்.

"இந்தப் பச்ச ஒயரு எதுக்குண்ணா?"

"கசியற கரண்ட்ட மண்ணுக்குக் கொண்டு போயிரும்."

"இது இல்லன்னா?"

"தொடறவங்க வழியாப் போகும்."

அவள் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் குழிக்குள் ஊற்றிவிட்டு நின்றாள். பிறகு, "செருப்பு போட்டிருந்தா?" என்றாள். "ரப்பரு பரவால்ல" என்றேன்.

ஒயரை டிரம் காலோடு பிடித்துக் கட்ட கிளாம்ப் வேண்டும். எடுத்துவர மறந்துவிட்டேன். ஒயரைச் சுருட்டி ஒரு கல்லின் அடியில் வைத்துவிட்டு வந்தேன். இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 11

கிளாம்ப் கடையில்தான் இருக்கிறது. இன்றைக்கும் எடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தழை இன்னும் போதவில்லையாம். முதல் காய்ச்சல் அடுத்த வெள்ளி என்று ஃபோன். "நீங்க இல்லாமயா மச்சான்? கண்டிப்பா வரணும்" என்றான். வருகிறேன் என்றேன். இரண்டு ஃபேன் வந்தது. ஒன்றைப் பிரித்தேன், திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடியலில் போய்விட்டேன். டிரம்முக்கு மாலை போட்டிருந்தார்கள். தழை அடைத்து, மூடியைச் சுற்றிக் களிமண் பூசியாயிற்று. அவன் வேட்டி கட்டி, பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்திருந்தான். பாக்கியம் அக்கா வெறுங்கால். இந்திராணியும் வெறுங்கால். நான் வாங்கிக்கொடுத்த செருப்பு பூட்ஸுக்குப் பக்கத்தில் கிடந்தது. சாமி காரியத்துக்குச் செருப்போடு யார் நிற்பார்கள்? இது எனக்குத் தோன்றவே இல்லை. என்னையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். தரை ஜில்லென்று ஈரம்.

சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் சுருதி பிடித்தது. இந்திராணி கற்பூரம் ஏற்றினாள்.

அவன் டிரம்மைப் பார்த்துக் கையை நீட்டினான். பிறகு நிறுத்திவிட்டுத் திரும்பினான். "மச்சான், ஒங்க கைபட்டுத்தான் இதுக்கு உசுரே வந்துது. இன்னக்கி நீங்கதான் மொதல்ல தொடணும்."

"அதெப்படி? ஒடமக்காரன்தான் தொடணும்" என்றேன்.

"நான் சொல்றேன்ல, தொடுங்க."

"வேண்டாம். எனக்கு... தீட்டு. தூரத்துச் சொந்தத்துல ஒரு சாவு."

"யாருண்ணா?" என்றாள் இந்திராணி.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கண் கீழே போனது. கல்லுக்கு அடியில் பச்சை ஒயர் சுருட்டினபடியே இருந்தது. நான் கொண்டுவந்து வைத்த நாளில் இருந்த மாதிரியே. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சலித்துக்கொண்டு, "சரி, இவளே தொடட்டும். வீட்டு மகாலச்சுமி" என்று அவள் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினான். அவள் முரண்டு பிடிக்கவில்லை. ஓரெட்டு வைத்தாள். இன்னோரெட்டு. டிரம்மைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

உடனே ஓடிப்போய் மெயினை இழுத்துவிட்டேன்.

"என்ன மச்சான்?" என்று கத்தினான். "ஒரு லைன் மாறியிருக்கு. சரி பண்ணிடறேன்" என்றேன். கல்லைப் புரட்டி ஒயரை எடுத்தேன். சட்டைப் பையிலிருந்து கிளாம்பை எடுத்து, டிரம் காலோடு வைத்து இறுக்கினேன். ஸ்பேனரே வளைகிற அளவுக்கு இறுக்கினேன். கிளாம்ப் என் பையிலிருந்து வந்ததை இந்திராணி பார்த்தாள்.

திரும்ப சுவிட்சைப் போட்டு, நானே முதலில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தொட்டேன். ஒன்றும் இல்லை. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். பத்து மணி வாக்கில் தைலம் சொட்ட ஆரம்பித்தது. மூக்கே எரியும் வாசனை.

மூன்றாவது எலிமெண்ட்டின் இணைப்பை எடுத்துவிடப் போனேன். "மூணும் ஓடுனாத்தான் வேகம். கையை வைக்காதீங்க" என்றான். சரி, எர்த் இருக்கிறது. எர்த் இருக்கிறவரைக்கும் பயமில்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது பாக்கியம் அக்கா கேட்டது: "ஏன் தங்கராசு, அந்தப் புள்ள கையத் தூக்குறப்ப நீ அவ்வளவு நேரம் மரமாட்டம் நின்னியே, மயக்கமா?"

உடனே ஓடினேன் என்றுதான் என் நினைவு.

ஆகஸ்ட் 24

கெடுவான் கேடு நினைப்பான் என்று அம்மா சொல்வாள். நேற்று ராத்திரி அசந்து தூங்கினேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பாக்கியம் அக்கா கடைக்கே வந்துவிட்டது. தைலம் குறைந்துவிட்டதாம். மூடியில் பூசிய களிமண் வெடித்து ஆவி போய்விட்டது. பூசியது இந்திராணி. எந்தக் கையால் பூசினாய் என்று கேட்டு, அந்தக் கையைப் பிடித்துக் கொதிக்கிற டிரம்மில் வைத்து அழுத்தியிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டு வரைக்கும் கட்டியிருந்தார்கள். டாக்டரம்மா கேட்டதற்கு, "தெரியாமத் தொட்டுட்டேங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

நான்தான் அவனைக் காப்பாற்றினேன். இந்தக் கையால்தான் கிளாம்பை இறுக்கினேன்.

"எங்கூட வந்துரு. இந்தத் தடவ யார் வந்தாலும் வெட்டிப்போடுவேன்" என்றேன்.

"வரேன். அடுத்த வாரம் வரேன்" என்றாள். சத்தம் உயராமல், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள். பிறகு, "அண்ணா, அந்தப் பச்ச ஒயரு, இழுத்தா வந்துருமா?" என்றாள்.

"நான் கட்டுனதா? யானை இழுத்தாலும் வராது. வெட்டுனாத்தான் உண்டு."

தலையாட்டினாள். ஏன் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

செப்டம்பர் 3

அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். போய்ப் பார்க்கவேண்டும். ஒரு மோட்டார் அவசரமாகக் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை கழித்துப் போகலாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

மாப்பிள்ளை காலமாகிவிட்டார்.

காலையில் பாக்கியம் அக்கா ஃபோன் செய்தது. கற்பூரம் காட்டிவிட்டுத் தொட்டவர் அப்படியே டிரம்மோடு ஒட்டிக்கொண்டாராம். இந்திராணி மெயினை இழுத்துவிட்டாளாம். அதற்குள் முடிந்துவிட்டதாம்.

ஜீப் பிடித்துப் போனேன். எனக்கு முன்னால் அதிகாரிகள் யாரும் வந்திருக்கவில்லை. பூட்ஸ் சுவரோரம் ஜோடியாக இருந்தது. அவரை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பாக்கியம் அக்கா வாசலில் மாரடித்து அழுதுகொண்டிருந்தது.

இந்திராணி டிரம்முக்குப் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். காலில் ரப்பர் செருப்பு. "அண்ணா" என்றாள்.

டிரம் காலைப் பார்த்தேன். கிளாம்ப் இறுக்கினபடியே இருந்தது. அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒயர். மிச்ச ஒயர் தழைக்கு அடியில் கிடந்தது. எலியாக இருக்கும். மலையில் எலி அதிகம். எலி கடித்தால் நுனி பிசிறு பிசிறாக இருக்கும். இது தழை அரிகிற கத்தியால் சீவினது மாதிரி வழவழவென்று இருந்தது. எலிதான்.

கிளாம்பைக் கழற்றித் துண்டு ஒயரோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மிச்ச ஒயரைப் பழையபடி சுருட்டிக் கல்லுக்கு அடியில் வைத்தேன். அதற்கு இந்திராணி எழுந்து இடம் விடவேண்டியிருந்தது. எழுந்தாள்.

மின்சார அதிகாரி மத்தியானம் வந்தார். இளவயசு. டிரம்மைச் சுற்றிவந்து மெக்கர் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் எஸ்.ஐ.

"யாருய்யா ஒயரிங்?"

"நாந்தாங்க."

"எலிமெண்ட் கசியுது. எர்த் எங்க?"

"போடலீங்க."

"ஏன் போடல?"

இந்திராணி வாசற்படியில் நின்று இடது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டேங்க" என்றேன்.

"எத்தன வருசமாய்யா இந்த வேல பாக்குற?"

"இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சு வருசம்!" என்று எஸ்.ஐ.யைப் பார்த்துச் சொன்னார். "ஒரு மனுசன் உசுரு போச்சேய்யா. இதக்கூடவா மறப்ப?" சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. பஜாரிலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு விநாடி வாய் துடித்தது. எந்த உண்மையை?

லைசென்ஸை வாங்கிக்கொண்டார். அடக்கம் முடியட்டும், திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வந்துவிடு என்றார் எஸ்.ஐ.

செப்டம்பர் 8, ஞாயிறு

நாளைக்குக் காலையில் ஸ்டேஷன். அஜாக்கிரதை வழக்கு என்கிறார் வக்கீல். உள்ளே வைப்பார்களா, ஜாமீனில் விடுவார்களா தெரியாதாம். கடையைச் சாத்தினேன். கொடுக்கவேண்டிய மிக்ஸி, ஃபேன் எல்லாம் கொடுத்துவிட்டேன். ஒரு அம்மாள் மிக்ஸியை வாங்கிக்கொண்டு, "இதுக்கு எர்த்தெல்லாம் சரியா இருக்குல்ல?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். நான் செத்தாலும் பஜாரில் இனி இதுதான் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும். இந்திராணி உயிரோடு இருக்கிறாள்.

கிளாம்பைப் பழைய இரும்புச் சாமானோடு போட்டுவிட்டேன். இந்த டைரியும் இன்றோடு போதும். குளியலறை பாய்லர் அடுப்புக்குக் காகிதம் வேண்டியிருக்கிறது.

இந்திராணி என்னோடு வந்துவிட்டாள். சாயங்காலம் இடது கையால் அரிசி களைந்து, மாவு அரைக்கிறேன் என்றாள். நான் கிரைண்டரைத் துடைத்து வைத்தேன். என் வீட்டுக் கிரைண்டர், நானே ஒயரிங் செய்த வீடு. அவள் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனவள் நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணா, இதுக்குப் பச்ச ஒயரு இருக்கா?"

"இருக்கும்மா."

"கட்டியிருக்கா?"

"கட்டியிருக்கு. சத்தியமா."

சரி என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டாள்.